சட்டம் திறந்துவைத்த சூதுக்களம்

2018ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள். அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஓஷன்போர்ட் எனும் ஊரில் உள்ள மான்மத் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் பெருங்கூட்டம். புகைப்படக்காரர்கள் முண்டியடிக்கின்றனர். மாநில ஆளுநர் பில் மர்ஃபி வருகிறார். மேலிடம் அனுப்பிவைத்து வந்தவரல்லர் இந்த ஆளுநர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். பள்ளிக்கூடம் திறக்க வந்தாரோ? பாலம் திறக்க வந்தாரோ? இல்லை! பந்தயம் கட்ட வந்தார். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி வெல்லும் என்று 20 டாலர். பனி ஹாக்கியில் தம் மாநிலத்து டெவில்ஸ் அணி அடுத்த ஆண்டுக் கோப்பையைக் கொள்ளும் என்று 20 டாலர். கட்டினார், சீட்டைப் பெற்றார், சிரித்தார். கூடியிருந்தோர் கைதட்டினர். விளையாட்டுப் பந்தயச் சூது அந்த மாநிலத்தில் சட்டத்தின் ஆசியோடு அன்று அரங்கேறிற்று.

இரு வாரங்கள் கூட ஆகவில்லை. தென்கொரியாவிடம் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறிற்று ஜெர்மனி. டெவில்ஸ் அணியோ, அந்தப் பருவத்தில் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கே தகுதி பெறவில்லை. இரண்டு பந்தயமும் போயிற்று! ஆளுநருக்கு 40 டாலர் பெரிதல்ல, சிரித்துக்கொண்டே மறந்திருப்பார். ஆனால், அந்தச் சீட்டு ஓர் உண்மையைச் சொல்லிற்று. சூதுக்களத்துக்கு முதல் ஆளாய் வந்தவர் மாநிலத்தையே ஆள்பவர். அவரும் தோற்றே திரும்பினார். வேறு எவர் வெல்வார்?

தொலைவில் உள்ள ஒரு மாநிலத்தின் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு உண்டு, தோழர்களே! படித்துப் பட்டம் பெற்று நியூ ஜெர்சிக்குப் பிழைக்கச் சென்றிருக்கும் தமிழ் இளைஞர் தொகை சிறிதன்று. அவர்களுடைய கைப்பேசிக்குள்ளும் இந்தச் சூதுக்களம் நுழைந்திருக்கிறது. இது முதற் காரணம். மாநில உரிமை எனும் நற்பெயர் தாங்கிய ஒரு வழக்கின் வெற்றியில் விளைந்தது இந்தச் சூதுக்களம் என்பது இரண்டாவது காரணம். உரிமையைப் பெறுவது ஒன்று. பெற்ற உரிமையை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும் நாம்.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1992ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. விளையாட்டுகளின் மீது பந்தயம் கட்டுவதற்கு எந்த மாநிலமும் அனுமதி தரலாகாது என்றது அந்தச் சட்டம். 1949 முதலே பந்தயத்துக்கு இடமளித்திருந்த நெவாடாவுக்கும், அதனோடு டெலவேர், ஓரிகன், மான்டானா ஆகிய மாநிலங்களுக்கும் விதிவிலக்கு அளித்தது. அந்தச் சட்டத்துக்காக முன்னின்று வாதாடியவர் செனட்டர் பில் பிராட்லி. அவர் எந்த மாநிலத்தின் செனட்டர் தெரியுமோ? நியூ ஜெர்சியின் செனட்டர்! முன்னாளில் புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர். ஆட்டக்காரன் சூதாடியின் பகடைக்காய் ஆகலாகாது என்பது அவர் கவலை. அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்ட விடுதிகள் நடத்திவந்த அவருடைய மாநிலத்துக்கு, விரும்பினால் ஓராண்டுக்குள் அனுமதிச் சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்று தவணையும் தந்தனர். மாநிலம் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை, வாய்ப்பு கழிந்தது.

பின்னர் வந்தது பொருளாதார நெருக்கடி. பக்கத்து மாநிலங்களிலெல்லாம் சூதாட்ட விடுதிகள் முளைத்தன. அட்லாண்டிக் சிட்டியின் கல்லாப்பெட்டி காயத் தொடங்கிற்று. 2014ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரின் நான்கு விடுதிகள் கதவடைத்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்து தெருவில் நின்றனர். சூதை நம்பி எழுப்பிய நகரம், சூது சலித்ததும் சரிந்தது. இதற்கு மருந்தென்று ஆட்சியாளர் எதைத் தேடினர்? மேலும் ஒரு சூதைத் தேடினர்!

2011இல் மக்களிடம் வாக்கெடுத்தனர். மூவரில் ஏறத்தாழ இருவர் சம்மதித்தனர். 2012இல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி சட்டத்தில் கையெழுத்திட்டார். உடனே, கல்லூரி விளையாட்டுச் சங்கமும், கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், பனி ஹாக்கி ஆகிய நான்கு பெரும் தொழில்முறை அமைப்புகளும் நீதிமன்றம் ஏறின. பந்தயம் வந்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்றன. கீழ்நீதிமன்றங்கள் அவற்றின் பக்கமே நின்றன. ஆறாண்டுக் காலம் வழக்கு நடந்தது. 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. சூது நல்லதா கெட்டதா என்பதன்று தீர்ப்பின் பொருள். மத்திய அரசு தானே நேராகச் சட்டம் செய்து மக்களை நெறிப்படுத்தலாம். ஆனால், மாநிலச் சட்டமன்றத்துக்கு இதை இயற்று, இதை இயற்றாதே என்று கட்டளையிட அதற்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

கோட்பாடு சீரியது. சட்டமன்றம் என்பது எவருக்கும் ஏவலாள் அல்ல என்ற கருத்தை யார்தான் மறுப்பர்? ஆனால், அந்தச் சீரிய கோட்பாட்டைத் தோள்மீது சுமந்து ஆறாண்டு நடந்த மாநிலம், இறுதியில் இறக்கிவைத்த இடம் எது? பந்தயக்கடையின் வாசல்! அதிலும் வேடிக்கை, வழக்காடி வென்ற நியூ ஜெர்சிக்கு ஒன்பது நாள் முன்னதாகவே, ஜூன் 5 அன்று, டெலவேர் கடைதிறந்துவிட்டது. இன்று முப்பத்தெட்டுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கடை உண்டு.

தூய்மை கெடும் என்று வழக்காடினரே, அவர்கள் என்ன ஆயினர்? தீர்ப்பு வந்து மூன்று திங்கள் நிறைவதற்குள், 2018 ஜூலையில், கூடைப்பந்து அமைப்பு பெரியதொரு சூதாட்ட விடுதி நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்றவையும் பின்தொடர்ந்தன. நேற்றுவரை நஞ்சு; இன்று பங்கு கிடைத்ததும் நற்கனி! அவர்கள் அன்று சொன்ன அச்சமோ பொய்யாகவில்லை. 2024 ஏப்ரலில் டொரான்டோ அணியின் ஜான்டே போர்ட்டர் எனும் வீரருக்குக் கூடைப்பந்து அமைப்பு வாழ்நாள் தடை விதித்தது. பந்தயக்காரருக்கு உளவு சொன்னார், உடல்நலமில்லை என்று ஆட்டத்தினின்று விலகினார் என்பது குற்றம். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இனி, ஓர் இளைஞன் இந்தக் களத்தில் எப்படிக் கால்வைக்கிறான் என்று பார்ப்போம். வயது 21 நிறைந்திருக்கவேண்டும். மாநிலத்தில் குடியிருப்பவனாக இருக்கவேண்டியதில்லை. மாநில எல்லைக்குள் நின்றால் போதும். அவன் நிற்கும் இடத்தைக் கைப்பேசியே காட்டிக்கொடுக்கும். ஆற்றைக் கடந்து எல்லை தாண்டினால் கதவு மூடும். பெயர், பிறந்த நாள், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் இவற்றைத் தந்து கணக்குத் தொடங்குகிறான். வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்துகிறான். சில நிமிட வேலை. கடைக்குப் போகவேண்டாம், கண்காணிப்போர் இல்லை, கடிந்துரைப்போர் இல்லை. அந்த மாநிலத்தின் விளையாட்டுப் பந்தயப் பணத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இவ்வாறு கைப்பேசி வழியே பாய்கிறது. 2021 செப்டம்பரில், ஒரே மாதத்தில் 100 கோடி டாலருக்கு மேல் பந்தயம் கட்டப்பட்டது. அமெரிக்க மாநிலம் எதுவும் அதற்குமுன் அந்தத் தொகையைத் தொட்டதில்லை.

புதிதாய் வருவோனை வரவேற்க இனாம் பந்தயம் தருகிறார்கள். இனாம் என்றால் பணமன்று. எடுத்துச் செல்ல முடியாது, பந்தயத்தில்தான் கட்டமுடியும். வென்றாலும் இலாபம் மட்டுமே கைக்கு வரும். இனாமாய்த் தந்த தொகை திரும்பாது. வேடன் தூவும் தானியம் பறவையின் பசி தீர்க்கவா?

கணக்கைக் கேளுங்கள், தோழர்களே! இரண்டு சமபல அணிகள் மோதுகின்றன. எந்தப் பக்கம் கட்டினாலும், 100 டாலர் இலாபம் பெற 110 டாலர் வைக்கவேண்டும். இதுவே அங்கே வழக்கமான விலை. இருவர் எதிரெதிர்ப் பக்கம் கட்டினால் 220 டாலர் சேரும். வென்றவனுக்கு 210 போகும். எஞ்சிய 10 டாலர் கடைக்காரனுக்கு. எவன் வென்றாலும் அவனுக்கு உண்டு. நூறு பந்தயத்தில் ஐம்பது வென்று ஐம்பது தோற்றவன் சரிசமமாக நிற்பான் என்று எண்ணுவோம். இல்லை! 5000 டாலர் பெற்று 5500 இழந்து, 500 டாலர் கடனோடு நிற்பான். நூற்றில் 53 முறை வென்றால்தான் தலை நீருக்கு மேலே தெரியும்.

நான்கு ஆட்டங்களை ஒன்றாய்க் கோத்துக் கட்டும் தொடர் பந்தயம் ஒன்று உண்டு. நான்கும் பலித்தால்தான் பணம். பதினாறு வாய்ப்பில் ஒன்றே வெற்றி. நேர்மையான கணக்கில் 10 டாலருக்கு 160 வரவேண்டும். அதே விலையில் கோத்தால் வருவதோ ஏறத்தாழ 133. ஒற்றைப் பந்தயத்தில் நூற்றுக்கு நான்கரை என்று கிள்ளியவன், இங்கே நூற்றுக்குப் பதினேழு என்று அள்ளுகிறான். விளம்பரத்தில் உரக்கக் கூவப்படுவது எது? இந்தத் தொடர் பந்தயமே! போகட்டும், கணக்கில் கைதேர்ந்து தொடர்ந்து வெல்பவனையாவது விட்டுவைப்பார்களா? அவன் கட்டக்கூடிய தொகையைச் சில டாலர்களாகச் சுருக்கிவிடுவார்கள். தோற்பவனுக்கு விருந்து, வெல்பவனுக்கு வேலி!

இதில் அரசுக்கு என்ன பங்கு? கட்டிய பணத்தில், வென்றோருக்குக் கொடுத்தது போக நிறுவனத்திடம் எஞ்சுவதன்மீது வரி. கைப்பேசிப் பந்தயத்துக்கு முதலில் நூற்றுக்கு 13. 2025 ஜூலை முதல் 19.75. சிந்தியுங்கள்! மதுவுக்கு வரி என்றால் விற்ற சரக்கின்மீது வரி. இது குடிமக்களின் தோல்வியின்மீது வரி. மக்கள் தோற்கவில்லையெனில் கருவூலத்துக்கு வரவில்லை. மக்கள் மிகுதியாய்த் தோற்ற மாதமே நிதித்துறைக்கு நல்ல மாதம். காவலனாய் நிற்கவேண்டிய அரசு களத்தில் கூட்டாளியாய் அமர்ந்துவிட்டது.

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். தடை இருந்த நாளில் சூது இல்லாமல் போய்விடவில்லை. மறைவில் நடந்தது, குண்டர் கையில் இருந்தது, கடன்பட்டவன் எலும்பு முறிந்தது. 1919இல், சிகாகோ பேஸ்பால் அணியினர் சூதாடிகளிடம் பணம் பெற்று இறுதிப் போட்டியைத் தோற்றுக்கொடுத்த ஊழல் வெடித்ததும், எட்டு வீரர்கள் வாழ்நாள் தடை பெற்றதும் சட்டம் அனுமதித்த சூதினால் அல்ல. இன்று வயது பார்க்கிறார்கள், கணக்கு இருக்கிறது, ஐயத்துக்குரிய பந்தயம் கண்ணில் படுகிறது. தன்னையே தடுத்துக்கொள்ள விரும்புவோன் ஓராண்டோ ஐந்தாண்டோ விலக்குப் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ளலாம்; உதவி கேட்கத் தொலைபேசி எண்ணும் உண்டு. இவை நல்லவை. தம் மாநிலத்துக் கல்லூரி அணிகளின்மீது பந்தயம் கூடாது என்ற தடையை நீக்க 2021இல் வாக்குக் கேட்டபோது, மக்களே மறுத்துவிட்டனர். தம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் சூது வேண்டாம் என்ற அந்த உணர்வைப் போற்றுகிறோம். ஆனால், பிற மாநிலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்!

எனவே, தடை ஒன்றே மருந்தென்று நாம் வாதாடவில்லை. திறந்துவிட்டோம், வரி வந்தது, கடமை முடிந்தது என்பதைத்தான் மறுக்கிறோம். அனுமதிக்கும் அரசு ஆசை காட்டலாகாது. இனாம் பந்தயமும் இரவு பகலாய் விளம்பரமும் நிற்கவேண்டும். ஒருவன் மாதத்தில் இழக்கும் தொகைக்கு வரம்பு வேண்டும். தோல்வியில் பிறந்த வரியைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அடித்தளமாக்கும் பழக்கம் ஒழியவேண்டும். ஒழியாவிடில், பள்ளி நடக்கப் பாமரன் தோற்கவேண்டும் என்ற நிலை வரும்.

சூதுக்கு வள்ளுவர் தனி அதிகாரம் ஒதுக்கினார். அதை வைத்த இடம் பொருட்பால். அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பகுதி. சூது தனிமனிதனின் தீயொழுக்கம் மட்டுமன்று, நாட்டின் பொருளை அரிக்கும் நோய் என்று கண்டதால் போலும்!

நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பிக்கு மடல் எழுதும்போது, தோழரே, உடல்நலம் கேட்பதோடு நிறுத்தவேண்டாம். கைப்பேசியில் பந்தயக் கணக்கு உண்டா என்றும் கேளும். இல்லையெனில், தொடங்காதே என்று எழுதும். இருந்தால், கடிந்துரைக்கவேண்டாம், நூற்றுக்கு 53 என்ற கணக்கை எழுதும், விலக்குப் பட்டியலையும் எழுதும். சட்டம் அனுமதித்தது என்பதற்குத் தண்டனை இல்லை என்பதே பொருள். நட்டம் இல்லை என்பது பொருளன்று.

அந்த மாநிலத்து ஆளுநர் 40 டாலரோடு எழுந்துவிட்டார். எழ இயலாமல் அமர்ந்திருப்போரின் பணத்தில்தான் கடை நடக்கிறது.