‘வந்துச்சு’ என்று எழுதிய பிள்ளைக்கு ஏன் சிவப்பு மை?

‘டீச்’ என்ற வினையை இறந்தகாலத்தில் ‘டீச்டு’ என்றும் ‘கேட்ச்’ என்பதைக் ‘கேட்ச்டு’ என்றும் எழுதும் பிள்ளைகள் கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி வட்டாரப் பள்ளிகளில் ஏராளம். அதே பிள்ளைகள்தான் தமிழ்க் கட்டுரையில் ‘பஸ் லேட்டா வந்துச்சு’ என்கிறார்கள். இரண்டையும் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவதே வழக்கமாகிவிட்டது. ஏன் அப்படி எழுதினார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

1958-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ, தாமே புனைந்த வினைச்சொற்களைச் சிறு பிள்ளைகளிடம் சொல்லி இறந்தகாலம் கேட்டார். அதுவரை காதில் விழுந்தே இராத அச்சொற்களுக்கும் பல பிள்ளைகள் சரியான விகுதியைச் சேர்த்தார்கள். ‘டீச்டு’ எழுதும் பிள்ளைக்கும் விதி நன்றாகவே தெரிகிறது. விதிவிலக்குதான் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த விதிவிலக்குகளும் ஆடாமல் நின்றவையல்ல. பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து, 2007-ல் ‘நேச்சர்’ இதழில் கணக்குக் காட்டினார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 ஒழுங்கற்றே இருந்தன. இன்று மிஞ்சியவை 98. நாளும் வாயில் புழங்கும் வினைகள் பழைய உருவைக் காத்துக்கொண்டன, அரிதாக வருபவை விதிக்குள் அடங்கின. ‘ஹெல்ப்டு’ இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ இருந்தது. காற்று எதிர்த்திசையிலும் அடித்திருக்கிறது: 1611-ன் கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘டிக்’கின் இறந்தகாலம் ‘டிக்டு’, இன்று அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும், ‘டக்’ என்றுதான் எழுத வேண்டும்.

தமிழில் நடந்தது இதைவிடச் சுவையானது. ‘ஓடு’ என்பதோடு ‘இன்’ இடைநிலையும் ‘து’ விகுதியும் சேர்ந்து ‘ஓடிற்று’ ஆகும். பேச்சில் அது ‘ஓடிச்சு’. இப்படியே ‘போயிற்று’ ‘போச்சு’ ஆனது, ‘ஆயிற்று’ ‘ஆச்சு’ ஆனது. பிறகு இந்தச் ‘ச்சு’ தனக்குச் சொந்தமில்லாத வினைகளுக்கும் பரவிவிட்டது. ‘வந்தது’ என்பதில் தகர இடைநிலை ஏற்கெனவே காலம் காட்டுகிறது. அதன்மேல் ‘ச்சு’வும் ஏறிக்கொண்டதால் ‘வந்துச்சு’ ஒரே சொல்லில் இருமுறை இறந்தகாலம் சொல்கிறது. சோம்பலான நாக்கு இதைச் செய்திருக்க முடியாது. ஒரு வினையைப் பார்த்து இன்னொன்றை வார்க்கும் அறிவின் வேலை இது. வழக்குக்கு வழக்கு வினை மாறவும் செய்யும்: யாழ்ப்பாணத்தில் ‘அவர் நேற்று வந்தவர்’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடும். பிராமணர் வீடுகளில் ‘போயிடுத்து’ கேட்கும். இவற்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

கடலூர் மாவட்டத்துப் பேச்சு இலக்கியத்துக்கும் புதிதல்ல. இந்த மண்ணின் பேச்சில் எழுதிவரும் இமையம் 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றார். விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் நடுநாடு எனப்படும் இப்பகுதியின் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். விருது மேடை வரை போன பேச்சு, வகுப்பறையில் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நியாயமில்லை.

பொதுத்தேர்வுத் தாளில் ‘வந்தது’ என்றே எழுத வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கற்றுத்தர வேண்டும். கூடவே, ‘ச்சு’ எங்கிருந்து கிளம்பியது என்று இரண்டு நிமிடம் சொல்ல ஆசிரியர் கையில் ஒரு சிறு கையேடு வேண்டும். மொழியியலில் நெடுங்காலப் பெயர் கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே, சிதம்பரத்தில் இருக்கிறது. அதன் மாணவர்கள் குறிஞ்சிப்பாடிக்கும் வடலூருக்கும் வந்து இந்த வினைகளைக் கேட்டு எழுதிக்கொண்டால், அடுத்த கல்வியாண்டுக்குள் அந்தக் கையேடு தயாராகிவிடும்.