நுகர்ந்தவனுக்கு விலக்கு, விற்றவனுக்கு வரவேற்பா?



2024 ஜூன் மாதம், நம் கடலூர் மாவட்டத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியில் விற்கப்பட்ட மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும். பிழைத்தவரும் கண்ணொளியை இழக்கக்கூடும்.

பெண்ணாடத்துச் சகோதரர்களே! "அது குடிகாரர்களின் பிரச்சினை, நம் வீடுகளில் மது இல்லை" என்று நாம் ஆறுதல் கொள்வோமாயின், அது பொய்யான ஆறுதல். சாராயத்தை அதன் வாடையே காட்டிக்கொடுக்கும். மாத்திரைக்கு வாடையில்லை. டபென்டடால் போன்ற வலி நிவாரணிகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றித் தமிழகமெங்கும் செய்திகள் வருகின்றன. அளவு மீறினால் அம்மருந்து மூச்சையே அடக்கிவிடும். "இது மது அல்லவே" என்ற சாக்கும் எடுபடாது. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே என்பது முஸ்லிம் நூலில் பதிவான நபிமொழியின் கருத்து.

ஆனால் என் வழக்கு இளைஞர்களோடு அல்ல, நம்மோடுதான். போதைக்கு அடிமையான மகனை வீடு மறைக்கிறது. விஷயம் வெளியே தெரிந்தால் ஊர் ஒதுக்குகிறது, பெண் கொடுக்க மறுக்கிறது. அதே போதையில் காசு பார்த்தவனோ நன்கொடை ரசீதோடு முன்வரிசையில் அமர்கிறான். இது எந்த மார்க்கத்தின் நீதி?

மது தொடர்பாக நபி (ஸல்) அவர்கள் சபித்தோர் பத்துப் பேர் எனத் திர்மிதீயில் காண்கிறோம். பருகுபவர் அவர்களுள் ஒருவரே. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதே சமயம், குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு நபித்தோழர் சபித்தபோது, சபிக்க வேண்டாமென அண்ணலார் தடுத்தார்கள் என்று புகாரீ நூல் கூறுகிறது. தண்டனை இருந்தது; ஒதுக்கல் இல்லை. நாமோ அதைத் தலைகீழாக்கியிருக்கிறோம்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகள் நான்கு முடிவுகளை எடுக்கட்டும். போதை விற்ற பணம் பள்ளிவாசலுக்குள் வரக்கூடாது. விற்பவனுக்குக் கடையோ வீடோ வாடகைக்கு விடக்கூடாது. காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். அடிமையானவனை நோயாளியாகக் கருதி, மறுவாழ்வு சிகிச்சைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். 14446 என்ற தேசிய உதவி எண் இதற்காகவே உள்ளது. வழக்குக்கு அஞ்சும் பெற்றோர் ஒன்றை அறியட்டும்: சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான குற்றத்தில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடமளிக்கிறது.

குடும்ப மானம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்கு விலையாக ஒரு பிள்ளையின் ஜனாஸாவைத் தரலாகாது.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.