கை தொடுமுன் காது கேட்கட்டும்



தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்தொடர் வண்டியில் நின்றுகொண்டே பயணம் செய்யும் அலுவலர்கள், மேடவாக்கம் சாலையின் மேடுபள்ளங்களில் இரு சக்கர வண்டி ஓட்டும் இளைஞர்கள், நாளெல்லாம் குனிந்து நிமிரும் தாய்மார்கள் ஆகிய அனைவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. அதுவே முதுகு வலி. முன்னாளில் இதற்குச் சுளுக்கு எடுப்பவரை நாடினோம். இந்நாளில் ‘கைரோபிராக்டிக்’ என்னும் முதுகெலும்புச் சிகிச்சையும் நகரில் பேசப்படுகின்றது. கையால் அழுத்திச் செய்யும் இத்தகைய மருத்துவத்தை முதன்முறை நாடுவோர் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதை இத்திங்கள் காண்போம்.

கைரோபிராக்டிக் முறை 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவரால் தொடங்கப்பெற்றது. முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவரது கொள்கை. இக்கொள்கையை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும், சாதாரண இடுப்பு வலிக்கு இத்தகைய கைச்சிகிச்சை ஓரளவு ஆறுதல் தரக்கூடும் என்பதை ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன. தக்க உடற்பயிற்சி தரும் பயனும் ஏறத்தாழ இதற்கு நிகரானதே.

கையால் நோய் தீர்க்கும் கலை நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் அதனைத் ‘தொக்கணம்’ என்று அழைக்கின்றது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். வர்ம மருத்துவமோ உடலில் 108 வர்ம இடங்களைக் கூறுகின்றது. இவற்றைக் கற்றுத் தேர்ந்த சித்த மருத்துவர்களை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனையிலேயே அவர்களைக் காணலாம்.

எம்முறையை நாடினும், முதல் நாளில் நடக்க வேண்டியது ஒன்றே. மருத்துவர் முதலில் கேட்க வேண்டும். பின்னர்ப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே தொட வேண்டும். வலி எப்போது தொடங்கிற்று, காலில் இறங்குகின்றதா, கால் மரத்துப்போகின்றதா, கீழே விழுந்தீர்களா என்று அவர் வினவுவார். நடக்கச் சொல்வார், குனியச் சொல்வார், படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பார்ப்பார், தசையின் வலிமையைச் சோதிப்பார். தேவையெனில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. இவை ஒன்றுமின்றி, படுத்தவுடனே முதுகில் கை வைப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நன்று.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சானடோரியம் என்னும் பெயரே காசநோயாளருக்காக டாக்டர் சவரிமுத்து 1928-இல் இங்கு நிறுவிய மருத்துவ இல்லத்தால் வந்தது. அது பின்னர் அரசு மருத்துவமனையாகி, இன்றும் நெஞ்சக நோய்களுக்குச் சிகிச்சை அளித்து வருகின்றது. காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று, முதுகெலும்பையும் அரிக்கும். அதுவும் முதலில் வெறும் முதுகு வலியாகவே தோன்றும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் உறங்கவிடாத வலி ஆகியவை அதனுடன் சேர்ந்திருக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பை அழுத்தித் திருகினால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கவும் கூடும். மருந்தால் குணமாகும் நோயை ஒரு நொடி அவசரம் ஊனமாக்கிவிடலாகாது அன்றோ!

ஆதலின், அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதீர்கள். எலும்புத் தேய்வு, புற்றுநோய், கருவுற்ற நிலை, முன்பு செய்த அறுவை சிகிச்சை, இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரை ஆகிய அனைத்தையும் கூறுங்கள். சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால், எக்கைச் சிகிச்சையையும் நாடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு நாள் தாமதமும் தீங்கு விளைவிக்கும்.

சிகிச்சையின்போது ‘சடக்’ என்று நெட்டி முறியும் ஒலி கேட்கக்கூடும். விலகிய எலும்பு தன் இடத்தில் வந்து அமர்ந்த ஒலி அது எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில், மூட்டில் உள்ள நீர்மத்தில் வாயுக் குமிழி உண்டாவதாலேயே அவ்வொலி எழுகின்றது. ஒலி கேட்டதனால் நோய் தீர்ந்தது என்றோ, கேளாமையால் தீரவில்லை என்றோ எண்ண வேண்டா. ஓரிரு நாள் தசை வலி இருப்பது இயல்பே. ஆனால், கழுத்தை வேகமாகத் திருப்புவதற்கு எளிதில் இசையாதீர்கள். அரிதாகவேனும், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. “கழுத்தை முறிக்க வேண்டா” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாவிதர் கடையிலும் இவ்வுரிமையை மறக்க வேண்டா.

தகுதியைக் கேட்பது அவமரியாதையாகாது. சித்த மருத்துவர்க்குப் பதிவு எண் உண்டு. பிசியோதெரபி பயின்றோர் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றனர். கைரோபிராக்டிக் முறைக்கெனத் தனிப் பதிவு மன்றம் நம் நாட்டில் இல்லை. ஆகவே அவர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார் என்று பணிவுடன் வினவுங்கள். எத்தனை முறை வரவேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையும் முதல் நாளே கேளுங்கள். இருபது முறைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யலாம். பெண்கள், முதியோர், சிறுவர் ஆகியோர் உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.

புதிதாக வரும் சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அதுவரை பாயிலேயே கிடவாமல் இயன்ற அளவு நடமாடுங்கள். உங்கள் இல்லத்து முதியவர் நாளைக்கே “யாராவது முதுகைப் பிடித்துவிட்டால் தேவலை” என்று கூறுவாராயின், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் அருகில் அமர்ந்து கேளுங்கள்: “இரவில் காய்ச்சல் அடிக்கிறதா, அப்பா?”