வரலாற்று உரையரங்குகளில் பேசப்படாத நிலம்

1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி வங்கக் கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றது. அதை நினைவுகூரும் ‘மெட்ராஸ் தினம்’ 2004 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி நடைபெறும் பொது உரைகள் பலவற்றுக்குக் கட்டணமில்லை. எவரும் சென்று அமரலாம். காலனிய வரலாறு பல்கலைக்கழக மதில்களைத் தாண்டி வெளியே வருவது வரவேற்கத்தக்கதே. கல்லூரி நாள்களில் நானும் அவ்வரங்குகளின் பின்வரிசையில் அமர்ந்து கற்றவன்தான். ஆனால் அங்கு நான் கேட்ட வரலாற்றில் ஆண்ட வெள்ளையரும் ஆளப்பட்ட இந்தியருமே இருந்தனர். சேரி என்னும் மூன்றாம் தரப்பை, நில வழக்குகளுக்குள் வந்த பிறகே ஆவணங்களில் கண்டேன்.

சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸை எடுத்துக்கொள்வோம். திருக்குறளைப் போற்றியவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் எடுத்துரைத்தவர் என அவர் புகழப்படுகிறார். அது தகும். அதே எல்லிஸ் மிராசு உரிமை குறித்து எழுதிய அறிக்கை 1818-இல் அச்சேறியது. தொண்டை மண்டலத்தில் நிலவுடைமையாளருக்கு உழைக்கும் மக்கள் அடிமைகளாக இருந்ததை அது பதிவு செய்கிறது. நான் கேட்ட எந்த உரையிலும் அந்த அறிக்கை இடம்பெறவில்லை.

1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடை செய்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தலித் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால், தர்க்காஸ்து விதிகளின்படி முன்னுரிமை மிராசுதாருக்கே. குடிசை நின்ற மனைக்கும் மிராசுதார் உரிமை கோரினார். ஆகவே எதிர்த்துப் பேசியவரை ஊரைவிட்டே வெளியேற்ற முடிந்தது. பொறுப்பு ஆட்சியர் டிரமென்கீர் 1891-இல் அளித்த குறிப்பு இந்நிலையை விரிவாக எடுத்துரைத்தது. (அவரை வள்ளலாகக் கொண்டாடுவது நம் மேடைகளின் பலவீனம். அவருடைய பரிந்துரைகளில் பலவற்றை அவரது அரசே ஏற்கவில்லை.) 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வெளியானது. ஒப்படை நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பதே பஞ்சமி நிலத்தின் நிபந்தனை.

இந்த நிபந்தனை மீறப்பட்ட நிலங்களை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று, காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். இன்றும் நில வழக்குகளில் எதிர்த்தரப்பு கிரயப் பத்திரத்தை நீட்டுகிறது. முதல் ஒப்படை எவருக்கு, எந்த நிபந்தனையில் வழங்கப்பட்டது என்று கேட்க வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

அதைக் கற்பிக்கும் இலவச உரை நமக்குப் புதிதன்று. 1898-இல் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் இராயப்பேட்டையில் சொற்பொழிவுகளை நடத்தியது. ஆண்டுக்கு ஒருமுறை நகர அரங்கில் இடம் கேட்பதைவிட, நிலம் பறிபோன ஊர்களிலேயே அரசாணை நகலோடு அத்தகைய உரைகளை நடத்துவது பயன்தரும் என்பது என் கருத்து.

சில மாதங்களுக்கு முன், செங்கல்பட்டு மாவட்டக் கிராமமொன்றின் சமுதாயக் கூடத்தில் அப்படியொரு கூட்டம் நடத்தினோம். ஒலிபெருக்கிகூட இல்லை. பேசி முடித்ததும் ஒரு மூதாட்டி எழுந்தார். “ஏம்பா வக்கீலு, எங்க தாத்தா உழுத ஏரிக்கரை நெலம் அப்ப யார் பேர்ல இருந்துச்சு?” என்னிடம் விடையில்லை. அவ்வூர்க் கல்லூரி மாணவர்கள் நால்வர், ‘அ’ பதிவேட்டின் பழைய நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தனர். முப்பது நாள் கடந்தும் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டை இப்போது அவர்களே எழுதிக்கொண்டிருக்கின்றனர்.