கீச்... கீச்... உப்பு லாரி!

மரக்காணத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு உப்பு லாரிதான் புஷ்பக விமானம். ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் அண்ணன் சாவியைத் திருகியதும் ஓர் அலறல். சிலேட்டில் பல்பத்தைச் செங்குத்தாக வைத்து இழுத்தால் வருமே, அந்த ஸ்ருதி!

"ஃபேன் பெல்ட்டு, தம்பி. காலையில கத்தும், அப்புறம் சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

வைத்தியம்? பெல்ட்டில் சோப்பு தேய்ப்பாராம்! பி.காம். பாஷையில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்று பெயர். டேலி ஆகாத தொகையை அதில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால், அந்த லாரியில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். அறுந்தால் சார்ஜ் நிற்கும்; என்ஜினுக்குள் தண்ணீர் ஓட்டமும் நிற்கும். கவனிக்காமல் ஓட்டினால் சூட்டில் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும்.

"அந்தச் செலவு ஓனருக்குத்தானே?"

"சம்பளத்துல பிடிச்சுடுவாரு" என்றவர் முகம் மாறியது. ஈ.சி.ஆர். ஓரம் ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தினார்.

அங்கிருந்த பெரியவர் தோளில் கிடந்த துண்டை முதலில் கழற்றி வைத்தார். (ஓடும் பெல்ட்டுக்குத் துண்டு, வேட்டி என்றால் கொள்ளைப் பிரியம்!) எட்ட நின்று பெல்ட்டின் உள்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினார்.

"சத்தம் அடங்கிட்டுத் திரும்ப வந்தா, புல்லி ஒரே நேர்ல இல்லைனு அர்த்தம். கூடுச்சுன்னா, பெல்ட்டு லூசாகி வழுக்குது."

கூடியது!

என்ஜினை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் அமுங்க வேண்டியது ஒன்றரை அங்குலம் போனது. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபள. கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினார். வாட்டர் பம்ப் சமர்த்து. ஆல்டர்னேட்டர் மட்டும் 'கரகர'. பேரிங் காலி!

உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சாமான். உப்பங்காற்றில் புல்லி துருப்பிடிக்க, துரு பெல்ட்டை அரம் மாதிரி ராவுகிறது. சரி, காலையில் மட்டும் ஏன் கத்தல்? ஸ்டார்ட் செய்ததில் பேட்டரி இழந்த கரண்டை ஆல்டர்னேட்டர் ஈடுகட்ட வேண்டும். அப்போது பெல்ட்டுக்குப் பளு அதிகம். ஈடுகட்டியதும் சத்தம் குறையும். நோய் குணமாகவில்லை, நோயாளி கத்தி ஓய்ந்திருக்கிறான், அவ்வளவுதான். சோப்போ, அவன் வாயைப் பொத்தி இன்னும் வழுக்கவிடுகிறது.

"நல்லா இழுத்து டைட் பண்ணிடுங்களேன்" என்று என் பங்குக்கு யோசனை சொன்னேன்.

"ரொம்ப இழுத்தா பேரிங் போவும். ரொம்ப விட்டா பெல்ட்டு போவும்" என்றார் பெரியவர். கல்யாணமானவர் போலிருக்கிறது.

சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்தக் கால உப்பு வியாபாரிகளான உமணர், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஒளவையார் சொல்கிறார். பெயர், சேம அச்சு. அந்தக் காலத்து ஸ்டெப்னி!

புது பேரிங் போட்டாயிற்று. அண்ணன் பெல்ட் இரண்டு வாங்கினார். ஒன்று என்ஜினுக்கு, ஒன்று சீட்டுக்கு அடியில். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.

"அந்த சோப்பை என்ன பண்ணப் போறீங்க?"

"இனிமே குளிக்க வேண்டியதுதான், தம்பி!"