மாநாட்டு அரங்கில் விளம்பரத்தின் எல்லை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் மார்ச் மாதந்தோறும் நடைபெறும் 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழா, 1987-இல் இசை விழாவாகத் தொடங்கியது. 1994-இல் திரைப்படமும் பல்லூடகமும் அதனுடன் இணைந்தன. பின்னாளில் 'இன்டராக்டிவ்' என்று பெயர் பெற்ற அந்தப் பல்லூடகப் பிரிவு, தொழில்நுட்ப நிறுவனங்கள் தங்கள் புதிய படைப்புகளை அறிமுகப்படுத்தத் தேடிவரும் களமாக வளர்ந்தது. தனியார் நிறுவனம் ஒன்றின் சந்தைப்படுத்தல் பிரிவைச் சேர்ந்தவன் என்ற முறையில் அங்கு சென்றுவந்த எனக்கு ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இத்தகைய மாநாட்டில் விளம்பரம் செய்ய வரும் நிறுவனம் விருந்தாளியா, வீட்டுக்காரரா?

கருத்தரங்குகளுக்கு வருவோர் புதியன அறிய வருகின்றனர். எங்களைப் போன்றோர் அவர்களைத் தேடி வருகிறோம். ரெய்னி தெருவிலுள்ள மதுக்கூடங்களைப் பெருநிறுவனங்கள் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்து, தங்கள் பெயர்ப்பலகையை மாட்டிவிடுகின்றன. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஸ்கேன் செய்ய இசைந்தால், உணவோ, துணிப்பையோ, கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியோ கிடைக்கும். திரும்பிய பின் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில், எத்தனை அட்டைகள் ஸ்கேன் செய்யப்பட்டன, ஒரு தொடர்புக்கு என்ன செலவானது என்ற கணக்குகள் இடம்பெறும். அட்டையை நீட்டியவர் எங்கள் பேச்சைக் கேட்க வந்தாரா, பசிக்கு வந்தாரா என்பதற்கு அந்த அறிக்கையில் இடமில்லை.

இந்த விழாவால் பெரும் பயனடைந்த நிறுவனமாகப் பலரும் சுட்டுவது ட்விட்டரை. 2006-இல் தொடங்கப்பட்ட அச்சேவை, 2007 விழாவின்போது அரங்குகளுக்கு இடைப்பட்ட நடைவழிகளில் பெரிய திரைகளை வைத்து, பங்கேற்பாளர்களின் பதிவுகளை அவற்றில் ஓடவிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 20,000 ஆக இருந்த பதிவுகள் 60,000 ஆக உயர்ந்தன. பல இடங்களில் ஒரே நேரத்தில் அமர்வுகள் நடக்கும் விழாவில், எந்த அமர்வு நன்றாக இருக்கிறது, நண்பர்கள் எங்கே கூடுகின்றனர் என்பதை அறியும் தேவை எல்லோருக்கும் இருந்தது. அத்தேவையை அந்தத் திரைகள் நிறைவு செய்தன. அதுவும் விளம்பரமே, ஆனால், பார்த்தவர்க்கும் அதில் பயன் இருந்தது.

அந்த வெற்றியைக் கண்டு பின்னால் வந்தவர்கள் அனைவரும் இந்த அடிப்படையைப் புரிந்துகொள்ளவில்லை. 2012-இல் பிபிஎச் என்ற விளம்பர முகமை, ஆஸ்டினில் வீடற்றோர் 13 பேரிடம் இணைய இணைப்புக் கருவிகளைக் கொடுத்து, 'நான் ஒரு 4ஜி ஹாட்ஸ்பாட்' என்ற பொருளில் அவரவர் பெயருடன் எழுதிய சட்டைகளை அணிவித்துத் தெருவில் நிறுத்தியது. அவர்களுக்கு ஊதியம் உண்டு; இணைப்பைப் பயன்படுத்துவோர் தரும் நன்கொடையும் அவர்களுக்கே. வீடற்றோர் விற்கும் தெருப் பத்திரிகைகளின் நவீன வடிவம் இது என்றது முகமை. பங்கேற்றோரில் சிலரும் அந்த வாய்ப்பை வரவேற்றனர். ஆனால், தெருப் பத்திரிகையில் வீடற்றவரின் குரல் இருக்கும். இங்கே அவர் பேசுவதற்கு எதுவுமில்லை, கருவியைச் சுமப்பதே அவர் வேலை. எழுந்த கண்டனத்தின் சாரமும் அதுவே.

2024-இல் கேள்வி இன்னும் கூர்மையானது. அமெரிக்க ராணுவமும் ஆயுதத் தளவாட நிறுவனமான ஆர்டிஎக்ஸும் விழாவோடு இணைந்திருந்ததை எதிர்த்து, காஸா போரைச் சுட்டிக்காட்டி, 80-க்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்கள் விலகினர். செயற்கை நுண்ணறிவைப் புகழ்ந்த பேச்சுகளின் தொகுப்பு, திரைப்படக் காட்சிகளுக்கு முன் ஓடியபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே ஆண்டு ஜூனில், ராணுவமும் ஆயுத நிறுவனங்களும் 2025 விழாவுக்குப் புரவலர்களாக இருக்கப்போவதில்லை என்று அமைப்பாளர்கள் அறிவித்தனர்.

புரவலர்களே வேண்டாம் என்பதும் நடைமுறைக்கு உகந்ததன்று. கரோனா பரவலால் 2020 மார்ச் 6 அன்று விழா ரத்து செய்யப்பட்டதும், அதை நடத்தும் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை வேலையிலிருந்து நீக்க நேர்ந்தது. இவ்வளவு பெரிய கூடுகை நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பி நடந்துவிடாது. எனவே, பணம் வாங்கலாமா என்று கேட்பதில் பயனில்லை. எந்த நிபந்தனையின் பேரில் வாங்குவது என்பதே கேள்வி.

யாரைப் புரவலராக ஏற்போம், யாரை ஏற்கமாட்டோம் என்ற வரையறையை, கலைஞர்களும் பேச்சாளர்களும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அமைப்பாளர்கள் வெளியிட வேண்டும். விழா தொடங்கிய பின் தெரியவந்தால், விலகுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. அடையாள அட்டையை ஸ்கேன் செய்யும் நிறுவனம், அத்தகவல் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதை அந்த இடத்திலேயே எழுதிவைக்க வேண்டும். என் துறையினர் ஒவ்வொரு திட்டத்துக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: நம் பெயர்ப்பலகையை அகற்றிவிட்டால், எஞ்சியிருப்பது வந்தவருக்குப் பயன்படுமா? நடைவழியில் இருந்த திரைகள் இதில் தேறும். மனிதரைக் கருவிதாங்கியாக்கிய சட்டை தேறாது. தேறாத திட்டத்தைக் கைவிடுவதால் அறிக்கையில் சில எண்கள் குறையலாம். அந்த எண்களை வளர்க்கத்தான் இத்தனை பேரும் தம் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டு அங்கு வருகின்றனர் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.