மேடைக்கும் படுக்கைக்கும் இடையே உள்ள தூரம்

‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்று அழைக்காத இசை நிகழ்ச்சி விளம்பரம் இன்று அரிது. அந்த அழைப்பை நம்பி, கைக்குழந்தையோடும் மூட்டுவலி உள்ள பாட்டியோடும் ஒரு வீடு கிளம்பி வந்தால் அவர்கள் எங்கே உட்காருவார்கள், எப்போது சாப்பிடுவார்கள், குழந்தை தூங்கிவிட்டால் எங்கே கிடத்துவார்கள் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரிவதில்லை. ஒரு மூலையில் காற்றடைத்த பலூன் கோட்டை, முகத்தில் புலி வரைந்துவிட ஒருவர், பஞ்சுமிட்டாய் வண்டி. இவை வந்துவிட்டால் குடும்ப விழா ஆகிவிட்டது என்பது நடத்துகிறவர்களின் கணக்கு. என் அளவுகோல் வேறு. நிகழ்ச்சியின் நடுவே ஒரு குடும்பம் எழுந்து போய், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, மறுபடி நிம்மதியாகக் கேட்க முடியுமா? முடியும் என்றால்தான் அது குடும்ப விழா. இப்படிப் பார்த்தால், இரண்டு மூன்று நாள் இசை விழாவுக்கு விடுமுறை விடுதியைப் போலப் பொருந்தும் இடம் வேறில்லை. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வார இறுதி விழாவை முதலில் நடத்திக் காட்ட வேண்டியது நமது சுற்றுலா வளர்ச்சிக் கழகம்தான் என்று கருதுகிறேன்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதியைச் சென்னை மறந்திருக்காது. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி அன்று பனையூரில் நடந்தது. பணம் கட்டிச் சீட்டு வாங்கிய பலர் உள்ளே நுழையவே முடியவில்லை. நெரிசலில் பெற்றோரிடமிருந்து குழந்தைகள் பிரிந்தார்கள். பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாகப் புகார் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஸ்தம்பித்து, முதலமைச்சரின் வாகனமும் அதில் மாட்டிக்கொண்டது. ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார்கள். உள்ளே வர முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் நடந்தது. அன்றைய கோபம் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த நிறுவனத்தின் மீது திரும்பியது. அது நியாயமான கோபம்தான். ஆனால் அந்த நிறுவனம் நேர்மையாகச் சீட்டுகளை எண்ணி விற்றிருந்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருந்திருக்கும். நகரத்துக்கு வெளியே ஒரே மைதானம், ஒரே இரவு, உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாலை என்னும் அமைப்பில், இடையில் கிளம்ப நினைக்கிறவர்களுக்கு வழி கிடையாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போயாக வேண்டும். தனியாக வந்த இளைஞன் அதைச் சகித்துக்கொள்வான். நான்கு வயதுக் குழந்தைக்கு எட்டரை மணிக்குக் கண் சொருகும். சர்க்கரை நோய் உள்ள தாத்தாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடும் கழிப்பறையும் வேண்டும்.

இதன் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். குழந்தை சிறியது என்றால் யார் வீட்டில் தங்குவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை. அம்மா தங்குவாள் என்பது பேசாமலே முடிவாகிவிடுகிறது. தப்பித் தவறி வந்தாலும், பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் பின்பக்கம் நடந்துகொண்டிருப்பவளும் அவள்தான். கல்லூரிக் காலத்தில் விரும்பிக் கேட்ட பாடகரை நேரில் கேட்கும் வாய்ப்பு, குழந்தை பிறந்த பிறகு ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு பெண்ணுக்கு இல்லாமல் போகிறதென்றால் அது சின்ன இழப்பு இல்லை. இதைக் குடும்பப் பொறுப்பு என்று சொல்லி நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அரங்கத்தையும் நேரத்தையும் மாற்றி அமைத்தால் தீரக்கூடிய ஒரு குறையைத் தாய்மையின் இயல்பு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதை வேறு விதமாக யோசித்தவர் ஒருவர் இருந்தார். பிரிட்டனில் பில்லி பட்லின் என்பவர் 1936 ஏப்ரலில் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் தமது முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். அந்த நாட்டுக் கடலோர ஊர்களில் அப்போது தொழிலாளர் குடும்பங்கள் தங்கிய விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது: காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியே போய்விட வேண்டும், மழை கொட்டினாலும் அடுத்த வேளைவரை உள்ளே வரக்கூடாது. பாரி தீவில் குழந்தைகளோடு நனைந்தபடி திரிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் பட்லினுக்கு முகாம் யோசனை பிறந்தது. வரிசை வரிசையாகச் சிறு குடில்கள், கூரையுள்ள நடன அரங்கு, நாடகக் கொட்டகை, சாப்பாட்டுக் கூடம், எல்லாம் ஒரே வளாகத்துக்குள். தொடக்கத்தில் பருவத்தைப் பொறுத்து வாரத்துக்கு 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை கட்டினால் தங்குமிடம், சாப்பாடு, கேளிக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு வாரக் கூலியில் ஒரு வார விடுமுறை என்பதுதான் அவர் விளம்பரங்களின் சாரம். 1938-இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் வந்தபோது, அந்த விடுமுறையைச் செலவிட ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அங்கே பாட்டும் நடனமும் இரவு நடக்கும். குழந்தைகள் குடில்களில் தூங்குவார்கள். ரோந்து சுற்றும் செவிலியர்கள் எங்காவது அழுகுரல் கேட்டால் தகவல் அனுப்புவார்கள். இன்ன எண் குடிலில் குழந்தை அழுகிறது என்று நடன அரங்கில் அறிவிப்பு வரும். பெற்றோர் நடந்துபோய்ச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்புவார்கள். பூட்டிய குடிலில் குழந்தையைத் தனியே விட்டுப் போவதை இன்று எந்தப் பெற்றோரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. நான் சொல்ல வருவது அந்தச் சேவையின் நுணுக்கத்தை அல்ல, அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தை. குழந்தை தூங்கப் போகும், அழும், எழுந்துகொள்ளும் என்பதையெல்லாம் நிகழ்ச்சியின் பகுதியாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தாயும் தந்தையும் முறைவைத்துப் போய் வருவதற்குத் தோதாக, மேடைக்கும் படுக்கைக்கும் இடையே சில நிமிட நடைதான் இருந்தது. இன்னொன்றும் உண்டு. எத்தனை படுக்கையோ அத்தனை பேர்தான் தங்க முடியும் என்பதால், கொள்ளளவுக்கு மேல் ஆள் சேர்க்கும் ஆசைக்கு அந்த அமைப்பே கடிவாளம் போட்டுவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரே நெடுஞ்சாலையில் பல்லாயிரம் வண்டிகள் இறங்குவதும் இல்லை.

குடும்பத்துக்காக இப்படி வளைந்து கொடுத்தால் இசையின் தரம் நீர்த்துப்போகும் என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. வரலாறு அந்த அச்சத்துக்குத் துணை நிற்கவில்லை. 1960 கோடையில் ரிங்கோ ஸ்டார் ட்ரம்ஸ் வாசித்தது வேல்ஸில் இருந்த பட்லின் முகாமில். 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழுவுக்கு வரும்படி அழைப்பு வந்தபோது அவர் ஸ்கெக்னெஸ் முகாமில் வாசித்துக்கொண்டிருந்தார். இரவுக்கு இரவு, எல்லா வயதினர் முன்னாலும் வாசிப்பது ஒரு கலைஞனுக்குக் கடுமையான பயிற்சி. பிற்காலத்திலும் 1999-இல் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவினர் கேம்பர் சாண்ட்ஸ் விடுமுறை முகாமில் ஒரு வார இறுதி விழாவை நடத்தினார்கள். அதன் வழியில் 2000-இல் தொடங்கிய ‘ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்’ விழா வணிக இசைக்கு வெளியே நின்ற கடினமான இசையை அதே முகாமில் பல ஆண்டுகள் மேடையேற்றியது. பிறகு மைன்ஹெட் பட்லின்ஸுக்கு இடம் மாறியது. குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட வளாகம் தீவிரமான இசையைத் தாங்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதே பட்லின்ஸ் இன்று தனது பெரிய இசை வார இறுதிகளைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று பிரித்து வைத்திருக்கிறதே, குடும்பமும் இசையும் ஒத்துப்போகாது என்பதற்கு அதுவே சாட்சி இல்லையா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அங்கே வயது வரம்பு வைப்பதற்குப் பின்னால் இருப்பது இசையைவிட இரவு நெடுக ஓடும் மதுவும் அதோடு சேர்ந்த கொண்டாட்டமும் என்றே நான் நினைக்கிறேன். பள்ளி விடுமுறை வாரங்களில் அதே வளாகங்களில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே மேடை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. டோர்செட்டில் 2008-இல் தொடங்கிய கேம்ப் பெஸ்டிவல் தன்னைக் குடும்ப விழா என்று சொல்லிக்கொண்டே நிலைத்திருக்கிறது. கிளாஸ்டன்பரி போன்ற பிரம்மாண்டமான விழாவில்கூடப் பன்னிரண்டு வயது வரை கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கென்றே ஒரு திடல் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கெல்லாம் கூடாரம்தான் படுக்கை. தடை இசை அல்ல, மதுதான் என்பதால் நம் ஊரில் நடக்கும் விழாவில் மது விற்பனை கூடாது என்று முதலிலேயே முடிவெடுத்துவிட வேண்டும். அதனால் விடுதிக்கு வருமானம் குறையும். குறையட்டும், அந்த மூன்று நாட்களுக்கு மட்டும்தானே.

அடுத்த ஆட்சேபம் கூடுதல் கனமானது: ரிசார்ட் என்றாலே வசதி படைத்தவர்களுக்கு, இரண்டு இரவு அறை வாடகை கொடுக்க நடுத்தர வீட்டுக்கே முடியாது. தனியார் விடுதிகளின் இன்றைய கட்டணத்தில் இது முற்றிலும் உண்மை. அதனால்தான் அரசுக் கழகத்தைச் சொல்கிறேன். மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குக் கடலோரம் விசாலமான வளாகம் இருக்கிறது. ஏற்காட்டிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுதிகள் உண்டு. மாமல்லபுரத்தில் இசைக்கும் நடனத்துக்கும் அரசு செலவு செய்வதும் புதிதல்ல. அங்கே நடக்கும் நாட்டிய விழாவை ஆண்டுதோறும் சுற்றுலாத் துறைதான் நடத்துகிறது. கலைஞர்களைத் திரட்டும் அனுபவமும் அரசுக்கு இருக்கிறது. 2007-இல் தொடங்கி, 2023 பொங்கலில் மீண்டும் உயிர்பெற்ற சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் ஒயிலாட்டமும் நகரத்தின் பூங்காக்களுக்கு வந்தன. மக்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நட்சத்திரப் பாடகர் இல்லாமல் கூட்டம் வராது என்ற பேச்சுக்கும் அதுதான் பதில். அறை எடுத்தவர்களுக்கு ஒரு கட்டணம், சுற்று வட்டாரத்தில் இருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்குக் குறைந்த கட்டணம், மாமல்லபுரம் ஊர்க்காரர்களுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணமே இல்லை என்று வைத்தால், பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற பழி வராது. பகலில் வந்து போகிறவர்களுக்கும் சாய்ந்து ஓய்வெடுக்கப் பாய் விரித்த ஒரு கூடம், பாலூட்ட ஓர் அறை கட்டாயம் வேண்டும்.

ஒலியின் அளவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. நம் மேடைகளில் ஒலிபெருக்கியின் சத்தம் குழந்தைகளின் காதுக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலியை இடைவிடாமல் அளந்து கண்காணிக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் வேண்டும் என்பவை அதில் உள்ளவை. அந்த 100 பெரியவர்களை மனத்தில் வைத்த உச்சவரம்பு. குழந்தைகள் இருக்கும் அரங்கில் அதற்கும் நன்றாகக் கீழே வைப்பதுதான் முறை. ஒலிபெருக்கிகளுக்கு அருகே யாரையும் உட்காரவிடக்கூடாது; சிறுவர்களுக்குக் காது மூடிகள் வாசலிலேயே கிடைக்க வேண்டும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. இந்த விதியைச் சிறப்பு அனுமதி வாங்கித் தாண்ட வேண்டிய தொல்லையாகவே ஏற்பாட்டாளர்கள் பார்க்கிறார்கள். குடும்ப விழாவுக்கு அது வரம். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கும் கச்சேரிக்கு யாருடைய சிறப்பு அனுமதியும் தேவையில்லை, பிள்ளைகளின் தூக்கமும் கெடாது.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அப்போது கடற்கரையில் பெரிய விளக்கும் மேடையும் கூடவே கூடாது. மே மாத வெயிலில் குழந்தைகளைக் கடலோரம் வைத்திருக்க முடியாது. மலைக்குப் போகலாம் என்றால், வாகன நெருக்கடி காரணமாக உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே இன்னொரு கூட்டத்தைச் சேர்ப்பது பொறுப்பற்ற செயல். மிஞ்சுவது காலாண்டுத் தேர்வு விடுமுறை. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முந்தைய அந்த நாட்களில், கூரையுள்ள கூடத்தில் மேடை அமைத்தால் மாலைத் தூறலுக்கும் பயமில்லை.

இதில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. தெருக்கூத்து விடிய விடிய நடந்த ஊர்களில் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் கூத்துப் பார்த்தார்கள். தூக்கம் தாளாதவர்களுக்கு வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. போய்ப் படுத்துவிட்டு, பதினெட்டாம் போர் தொடங்கும் நேரத்துக்கு எழுந்து வரலாம். கோயில் திருவிழாவின் நாதசுரக் கச்சேரியும் அப்படித்தான் எல்லா வயதினருக்கும் உரியதாக இருந்தது. இசை நகரத்தின் விளிம்பில் இருக்கும் மைதானங்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கூப்பிடு தூரம் போய்விட்டது. ஒரு வார இறுதிக்காவது அதை மீட்டுத்தர விடுமுறை விடுதியால் முடியும்.

சுற்றுலாத் துறையிடம் பெரிய நிதி எதையும் கேட்கவில்லை. அடுத்த காலாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை மாமல்லபுரம் வளாகத்தை ஒதுக்குங்கள். அறைகளின் எண்ணிக்கையையும் கூடத்தின் கொள்ளளவையும் முதலில் அறிவித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சீட்டுகூட விற்காதீர்கள். விழா முடிந்ததும், வந்த தாய்மார்களிடம் எத்தனை பாட்டுகளை முழுசாகக் கேட்டீர்கள் என்று விசாரித்து, அந்தப் பதிலை வைத்து அடுத்த ஆண்டு விழாவைத் திட்டமிடுங்கள்.